வீட்டில் ஒருவருக்கு டி.பி.: எனக்கும் ஒட்டிக்கொள்ளுமா? வடசென்னைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் அப்பாவுக்கு நுரையீரலில் டி.பி. (காசநோய்) என்று 2022-ல் தெரிந்தது. கொருக்குப்பேட்டையில் ஒரு அறை, அதன் ஓரத்தில் ஒரு சமையல் மேடை, அவ்வளவுதான் எங்கள் வீடு. அதில் அப்பா, அம்மா, ஆயா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று வயது மகள், நான் என்று ஏழு பேர். அப்பா முழுசாகக் குணமாகிவிட்டார். அந்த 6 மாதமும் நான் பயந்த பயம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் பயப்பட வேண்டாத இடத்தில் பயந்தேன், கவனிக்க வேண்டிய இடத்தைக் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் தெருவிலும் தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கமும் யார் வீட்டிலாவது டி.பி. என்று சொன்னால் என்னிடம் கேட்க வருகிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

நேற்றுதான் சொன்னார்கள். இத்தனை நாள் பக்கத்திலேயே படுத்திருந்தேன். எனக்கும் வந்திருக்குமா?

கிருமி உங்கள் உடம்புக்குள் போயிருக்கலாம். இதை மூடி மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் கிருமி உள்ளே போவது வேறு, நோய் வருவது வேறு. இது புரிந்தால் இன்று ராத்திரி கொஞ்சமாவது தூங்குவீர்கள்.

கிருமி உள்ளே போன நூறு பேரை எடுத்துக்கொண்டால், வாழ்நாளில் எப்போதாவது நோயாக மாறுவது 5 முதல் 10 பேருக்குத்தான். மற்றவர்களுடைய உடம்பு அந்தக் கிருமியைச் சுற்றி வளைத்து அடைத்துப் போட்டுவிடும். அவர்களுக்கு இருமல் வராது, அவர்களிடமிருந்து யாருக்கும் பரவாது. உலகத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இப்படிக் கிருமியோடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோயாக மாறுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது முதல் 2 வருடத்துக்குள்ளேயே மாறிவிடும். அதனால்தான் இந்த 2 வருடம் கண்ணைத் திறந்து வைத்திருக்கச் சொல்கிறேன். 5 வயதுக்குள் இருக்கும் குழந்தைகள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், சிகரெட்டும் குடியும் விடாதவர்கள், ரொம்ப இளைத்துப்போனவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். சர்க்கரை இருந்தால் மற்றவர்களைவிட 2, 3 மடங்கு என்பார்கள்.

அப்பா டெஸ்ட் எடுப்பதற்கு முன்னால் 2 மாதத்துக்கு மேல் இருமிக்கொண்டிருந்தார். “ஹார்பர் தூசிம்மா, வேற ஒண்ணுமில்ல” என்பார். நாங்களும் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆபத்தான நாட்கள் அவைதான். அப்போது எங்களில் ஒருவருக்கும் பயமில்லை. மாத்திரை தொடங்கிய பிறகு, ஆபத்து இறங்கிக்கொண்டிருந்த நாட்களில்தான் நான் பயந்து நடுங்கினேன்.

தட்டு, டம்ளர், துண்டு எல்லாவற்றையும் பிரித்து வைக்க வேண்டுமா?

வேண்டாம். டி.பி. காற்றில்தான் பரவும். நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் சத்தமாகப் பேசும்போதும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் வெளியே வரும். அவை அடைத்த அறையில் மணிக்கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும். அதை இன்னொருவர் மூச்சில் இழுத்து, அது நுரையீரலின் ஆழம்வரை போனால்தான் தொற்று. தட்டில், துணியில், பாத்ரூமில், கைகுலுக்குவதில், ஒரே பாயில் உட்காருவதில் அது வராது. அவர் எச்சில் பட்ட சாப்பாட்டாலும் வராது.

இதை நான் அப்போது தெரிந்துவைத்திருக்கவில்லை. முதல் நாளே அப்பாவின் எவர்சில்வர் டம்ளரின் அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன். கழுவி அடுக்கும்போது அது தனியாகத் தெரிய வேண்டும் என்று. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது நாள் காலையில் டீ குடித்து முடித்தவர், டம்ளரைக் கவிழ்த்து அந்தப் பொட்டைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி, வாசலுக்கு வெளியே திண்டில் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தார். யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சாப்பாடும் குறைந்தது. டி.பி.க்காரருக்குச் சாப்பாடு குறைவது எவ்வளவு கெடுதல் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பொட்டு எங்களில் யாரையும் காப்பாற்றவில்லை. அதே நேரத்தில் எங்கள் வீட்டின் ஒரே ஜன்னல் அட்டை வைத்து அடைத்தபடி இருந்தது.

ஒரே ரூம்தான் இருக்கிறது. தனி ரூம் கொடுக்கச் சொல்கிறார்கள். எங்கே போவது?

வடசென்னையில் என்னிடம் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் கேட்பது இதைத்தான். ஒண்டுக் குடித்தனம், ஹவுசிங் போர்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. தனி அறை என்பது புத்தகத்தில் எழுத நன்றாக இருக்கும்.

இந்தக் கேள்விக்குப் பதில் நம் ஊரிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு டி.பி. சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இன்றைக்கு அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்தக் காலத்தில் டி.பி. என்றால் சானடோரியத்தில், அதாவது டி.பி.க்கென்றே இருந்த ஆஸ்பத்திரியில், படுக்க வைப்பதுதான் வழக்கம். தாம்பரம் சானடோரியம் 1928-லேயே வந்துவிட்டது. ஆனால் எல்லோருக்கும் கட்டில் கிடைக்காதே. அதனால் மெட்ராஸ் நகரத்தின் ஏழை, நெருக்கடியான பகுதிகளில் இருந்த நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பி, இன்னொரு பாதியை வீட்டிலேயே வைத்து, இருவருக்கும் அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு இடமும் நெருக்கடி, சாப்பாடும் குறைவு. இருந்தும் ஒரு வருடத்தில் அவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள். நமக்கு முக்கியமானது அடுத்தது: வீட்டோடு இருந்த நோயாளியின் குடும்பத்தாருக்கு, சானடோரியத்துக்குப் போனவரின் குடும்பத்தாரைவிட நோய் அதிகமாக வரவில்லை. இந்த ஆய்வின் முடிவுகள் 1959-லிருந்து வெளியாகி, உலகமே டி.பி. வைத்தியத்தை வீட்டுக்கு மாற்றக் காரணமாக இருந்தது. நம் தாத்தா, ஆயா காலத்து மெட்ராஸ் ஜனங்கள் தங்கள் ஒற்றை அறை வீடுகளில் இருந்து காட்டிய உண்மை அது.

அதனால் அறை இல்லையே என்று கலங்காதீர்கள். காற்றைப் பாருங்கள்.

எங்கள் ஜன்னல் பக்கிங்காம் கால்வாய்ப் பக்கம். நாற்றம், கொசு. அதனால்தான் வருடக்கணக்காக அட்டை அடைத்து வைத்திருந்தோம். சுகாதார சென்டரிலிருந்து வீட்டைப் பார்க்க வந்த பணியாளர் அக்கா உள்ளே நுழைந்ததும் செய்த முதல் வேலை, அந்த அட்டையைப் பிடுங்கியதுதான். கொசுவலைத் துணியை வெட்டி நாலு பக்கமும் ஆணி அடித்துக் கொடுத்தான் அண்ணன். நாற்றம் வந்தது, ஆனால் காற்றும் வந்தது. நம் பக்கம் வெயில் காலத்தில் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கே இருந்து வீசும். கிழக்கே பார்த்த கதவோ ஜன்னலோ இருந்தால் அந்த நேரத்தில் மூடாதீர்கள். எதிரெதிரே இரண்டு திறப்பு இருந்தால் அதைவிட நல்லது.

படுக்கும் இடத்தை மாற்றுங்கள். காற்று எந்தப் பக்கம் வெளியே போகிறதோ அந்தப் பக்கம் நோயாளி படுக்கட்டும். காற்று உள்ளே வரும் பக்கம் குழந்தைகளும் மற்றவர்களும். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்தால் புகை போகும் திசையே சொல்லிவிடும். டேபிள் ஃபேன் இருந்தால் அவர் பின்னால் வைத்து ஜன்னலைப் பார்த்து ஓடவிடுங்கள். கதவு ஜன்னலை அடைத்துவிட்டு சீலிங் ஃபேன் மட்டும் போட்டால் அதே காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும். ஏ.சி.யும் அப்படித்தான்.

அப்பா முதல் 2 வாரம் மொட்டை மாடியில் படுத்தார். அண்ணனும் கூடவே பத்தடி தள்ளிப் படுத்துக்கொண்டான், தனியாக விட்டோம் என்று அவருக்குத் தோன்றக் கூடாது என்று. பகலில் வெளித் திண்ணையில் உட்காருவார். வெயிலும் திறந்த வெளியும் இந்தக் கிருமிக்கு ஆகாது.

கொடுங்கையூர் குப்பைமேடு புகையும் நாளில் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. புகை வரும் சில மணி நேரம் மூடுங்கள், அடங்கியதும் முழுசாகத் திறந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் அடிக்கும் என்று ஒரேயடியாக மூடிவைப்பதுதான் தப்பு. சாரல் படாத பக்கத்தை ஒரு சாண் அளவாவது திறந்து வையுங்கள்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு எத்தனை நாள் பரவும்?

மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரண டி.பி.யாக இருந்து, ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டால், சில நாட்களிலேயே பரவும் வேகம் சரசரவென்று இறங்கிவிடும். பொதுவாக 2 வாரத்தைக் கணக்காகச் சொல்வார்கள். இருமல் அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் இருக்கலாம். இருமல் இருக்கிறது என்பதாலேயே இன்னும் பரவுகிறது என்று அர்த்தமில்லை. நான் இதைத் தெரியாமல் இரண்டாவது மாதத்திலும் அப்பா இருமினால் எழுந்து வெளியே போய் நின்றேன்.

சிகிச்சை பெரும்பாலும் 6 மாதம். முதல் 2 மாதம் நாலு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று மருந்து. எடைக்குத் தக்கபடி மாத்திரை எண்ணிக்கை. முதல் நாள் மாத்திரை போட்டுவிட்டு பாத்ரூம் போன அப்பா உள்ளேயிருந்தே கத்தினார்: “இன்னாம்மா இது, ரத்தமா போவுது!” ரத்தம் இல்லை, ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம். சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், வேர்வைகூட நிறம் மாறலாம். இதை முன்பே சொல்லிவைக்காததால் மறுநாளே மாத்திரையை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மாஸ்க் யார் போட வேண்டும்?

முதலில் நோயாளி. சாதாரண சர்ஜிகல் மாஸ்க் போதும், துளி வெளியே வருவதையே அது தடுக்கும். முதல் வாரங்களில் வீட்டுக்குள் மற்றவர்கள் இருக்கும்போது போட்டுக்கொள்ளட்டும். ராத்திரி முழுக்கப் போட்டுக்கொண்டு யாராலும் தூங்க முடியாது, அங்கேதான் ஜன்னல் கைகொடுக்கும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் போடுவதானால் என்-95. மாஸ்க் இல்லாத நேரத்தில் இருமல் வந்தால் துண்டாலோ முழங்கை மடிப்பாலோ வாயை மூடச் சொல்லுங்கள்.

சளியை எங்கே துப்புவது?

மூடி போட்ட டப்பாவில். அடியில் கொஞ்சம் ஃபினாயில் ஊற்றிவைத்து, நாளுக்கு ஒரு முறை கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டால் போதும். தெருவிலும் அடிபம்புப் பக்கத்திலும் துப்பக் கூடாது.

வீட்டில் எல்லோரும் என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்? எங்கே?

ஒருவரும் விடாமல் போக வேண்டும். “எனக்கு நல்லாத்தான் இருக்கு” என்பவரும் போக வேண்டும், ஆயாவும் போக வேண்டும், பக்கத்து வீட்டிலிருந்து தினமும் வந்து டி.வி. பார்க்கும் பையனும் போக வேண்டும். பக்கத்தில் உள்ள கார்ப்பரேஷன் ஆரம்ப சுகாதார மையம் போதும். பெரிய இடம் வேண்டுமானால் ஸ்டான்லி இருக்கிறது, ஓட்டேரியில் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அரசு இடங்களில் டெஸ்டும் மருந்தும் இலவசம்.

முதலில் கேள்வி கேட்பார்கள்: 2 வாரத்துக்கு மேல் இருமலா, சாயங்காலம் காய்ச்சல் வருகிறதா, ராத்திரி வேர்த்துக் கொட்டுகிறதா, எடை குறைந்ததா, பசி இல்லையா, சளியில் ரத்தமா. பிறகு மார்பு எக்ஸ்ரே. சந்தேகம் இருந்தால் சளிப் பரிசோதனை. இப்போது ட்ரூநாட், சிபிநாட் என்ற மெஷின்களில் கிருமி இருக்கிறதா என்பதையும் ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

சளி கொடுப்பதில் எத்தனையோ பேர் தவறு செய்கிறார்கள். எச்சில் கொடுத்தால் பயனில்லை. காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, திறந்த வெளியில் நின்று, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும். என் அம்மா முதல் முறை வெறும் எச்சிலைக் கொடுத்தார், திருப்பி அனுப்பிவிட்டார்கள். டப்பாவை வாங்கியதும் எப்படி எடுப்பது என்று அங்கேயே கேட்டுக்கொண்டு வாருங்கள்.

சிலருக்குக் கை தோலில் ஊசி போட்டு 2, 3 நாள் கழித்துப் பார்க்கும் டெஸ்டும் எடுக்கிறார்கள், ரத்தத்திலும் ஒரு டெஸ்ட் உண்டு. அது பாசிட்டிவ் என்றால் கிருமி உள்ளே இருக்கிறது என்றுதான் அர்த்தம். நோய் என்று அர்த்தமில்லை. அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டாம்.

எனக்கு நோய் இல்லை என்றார்கள். அப்புறம் எதற்கு மாத்திரை?

அடைந்து கிடக்கும் கிருமியை நோயாக மாறாமல் தடுக்க. இது தடுப்பு மருந்து. நோய்க்குரிய மருந்தைவிட இது குறைவுதான். ஒன்று, தினமும் ஐசோனியசிட் 6 மாதம். இல்லாவிட்டால் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் இரண்டு மருந்து சேர்த்து 12 வாரம். எது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். எக்ஸ்ரே பார்த்து நோய் இல்லை என்று உறுதி செய்யாமல் இதைத் தொடங்கக் கூடாது, ஏனென்றால் உள்ளே நோய் இருந்து அரைகுறை மருந்து போனால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால், கை கால் மரத்துப்போனால் உடனே போய்க் காட்டுங்கள். குடிப்பழக்கம் உள்ளவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும், கல்லீரல் விஷயம். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். பெண்களுக்கு இன்னொன்று: ரிஃபாம்பிசின் வகை மருந்து எடுக்கும்போது கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது. கூச்சப்படாமல் நர்ஸிடம் வேறு வழி கேளுங்கள்.

நான் இந்த மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டேன். அண்ணன் பாதியில் நிறுத்தப் பார்த்தான். “நோயே இல்லாம எதுக்கு மாத்திரை” என்றான். அண்ணி ஒரே வார்த்தைதான் சொன்னாள்: “உன் பொண்ணுக்காகச் சாப்பிடு.” சாப்பிட்டான்.

குழந்தைக்குப் பி.சி.ஜி. போட்டிருக்கிறோம். அது போதாதா?

போதாது. பிறந்ததும் போடும் பி.சி.ஜி., மூளைக்குப் பரவும் டி.பி., உடம்பெல்லாம் பரவும் டி.பி. போன்ற கொடுமையான வகைகளிலிருந்து சின்னக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. அதற்காகவே கட்டாயம் போட வேண்டும். ஆனால் நுரையீரல் டி.பி.யை அது தடுக்கும் என்று நம்ப முடியாது. 1968-ல் தொடங்கி அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து, 15 வருடம் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வில் வந்த முடிவு அது.

5 வயதுக்குள் உள்ள குழந்தையை முதல் வாரத்திலேயே அழைத்துப் போங்கள். சின்னக் குழந்தைகளுக்குச் சளியை இருமி வெளியே எடுக்கத் தெரியாது, இருமலும் பெரிதாக இல்லாமல் போகலாம். எடை ஏறாமல் நிற்பது, சோர்ந்து விளையாடாமல் கிடப்பது, விட்டு விட்டுக் காய்ச்சல், இவைதான் அடையாளம். அங்கன்வாடியில் எடை போட்ட அட்டையையும் எடுத்துப் போங்கள். அண்ணன் மகளுக்கு நோய் இல்லை என்று உறுதியானதும் தடுப்பு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து 6 மாதம் கொடுத்தோம். தினமும் காலையில் ஒரு போராட்டம்தான்.

அம்மாவுக்கு டி.பி. தாய்ப்பால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். பால் வழியாக டி.பி. பரவாது. மாஸ்க் போட்டுக்கொண்டு, காற்று வரும் இடத்தில் உட்கார்ந்து கொடுக்கட்டும். குழந்தைக்குத் தடுப்பு மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

கழுத்தில் கட்டி, அதுவும் டி.பி. என்கிறார்கள். அது பரவுமா?

நுரையீரலுக்கு வெளியே மட்டும் இருந்தால் பொதுவாகப் பரவாது. ஆனால் நுரையீரலிலும் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

ரிப்போர்ட் நல்லபடியாக வந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு முறை இருமும்போதும் உயிரே போகிறது.

இந்தக் கேள்வியை யாரும் வெளிப்படையாகக் கேட்பதில்லை. போகும்போது வாசலில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கழுத்தைத் தடவித் தடவிக் கட்டி தேடினேன். கடைத்தெரு எடை மெஷினில் வாரம் மூன்று முறை ஏறினேன். அரசு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே சரியாக இருந்தும், காசு கொடுத்து வெளியே இன்னொன்று எடுத்தேன். அந்த நிம்மதி நாலு நாள்கூட நிற்கவில்லை.

எனக்கு உதவியது சென்டரில் இருந்த டாக்டரம்மா போட்டுக் கொடுத்த கணக்கு. மாதம் ஒரு முறை, ஒரே மெஷினில், ஒரே மாதிரித் துணியோடு எடை. இருமல் வந்தால் தேதியைக் காலண்டரில் குறிக்க வேண்டும். 2 வாரம் தாண்டினால் அல்லது கூடவே காய்ச்சல், எடை குறைவு, ரத்தம் என்று ஏதாவது வந்தால் அன்றைக்கே போக வேண்டும். அதற்குள் போய்விட்டால் அது சாதாரணச் சளி. நடுவில் தேட வேண்டாம். எங்கள் வீட்டு தினசரிக் காலண்டரில் நான் மூன்று முறை அப்படிக் குறித்தேன். மூன்றும் ஒரு வாரத்துக்குள் நின்றுவிட்டன. நான்காவது முறை குறிக்கவே மறந்துவிட்டேன்.

தூக்கமே வரவில்லை, வீட்டுக்குள் நுழையவே பயமாக இருக்கிறது, நோயாளியின் முகத்தைப் பார்த்தாலே கோபம் வருகிறது என்கிற அளவுக்குப் போனால் 14416-க்கு அழையுங்கள். டெலி மனஸ் என்ற இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள். கோபம் வருவதற்காக உங்களை நீங்களே வெறுக்காதீர்கள். அப்பா மேல் எனக்கும் வந்தது, “இத்தன நாள் ஏன் டாக்டராண்ட போவல” என்று கத்தியிருக்கிறேன்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டார். குடிக்கவும் செய்கிறார். என்ன செய்வது?

வீட்டில் உள்ளவர்கள் நிஜமாகவே பயப்பட வேண்டிய இடம் இது. இரண்டாவது மாதத்தில் பசி வரும், எடை ஏறும், குணமாகிவிட்டது போலத் தோன்றும். அப்போது நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி திரும்பவும் பெருகும், மருந்துக்கு அடங்காததாக மாறும், திரும்பவும் பரவும்.

திட்டிப் பார்த்து யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஏன் நிறுத்தினார் என்று கேளுங்கள். பெரும்பாலும் வயிற்றைப் புரட்டும், மூட்டு வலிக்கும், வெறும் வயிற்றில் தலை சுற்றும். அதற்கு வழி இருக்கிறது, டாக்டரிடம் சொன்னால் போதும். காசிமேட்டில் ஒரு குடும்பத்தில் அவர் விசைப்படகில் போனால் திரும்பப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். மாத்திரை கரையிலேயே இருந்தது. சென்டரில் விஷயத்தைச் சொல்லி, கடலுக்குப் போகும் நாட்களுக்கான மாத்திரையை முன்கூட்டியே வாங்கி, தண்ணீர் புகாத டப்பாவில் போட்டுக் கொடுத்தார் அவர் மனைவி. அதன் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. குடிக்கிறவரானாலும் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். குடியை டாக்டரிடம் சொல்லுங்கள். சில நாள் விட்டுப்போயிருந்தாலும் வெட்கப்படாமல் திரும்பப் போகலாம்.

மருந்துக்கு அடங்காத டி.பி. என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்கும் வேறு மருந்துகள் இருக்கின்றன, குணமாகிறவர்கள் இருக்கிறார்கள். பரவும் விதம் அதேதான், காற்று வழிதான். ஆனால் 2 வாரக் கணக்கு இங்கே செல்லாது. சளிப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்லும்வரை மாஸ்க்கும் திறந்த ஜன்னலும் தொடர வேண்டும். வீட்டாருக்கான தடுப்பு மருந்தும் வேறுபடும்.

அக்கம்பக்கத்துக்கும் வீட்டு ஓனருக்கும் சொல்ல வேண்டுமா?

தெருவுக்கே சொல்ல வேண்டிய கடமை எதுவும் இல்லை. அவரோடு ஒரே அறையில் மணிக்கணக்கில் இருந்தவர்களுக்கு மட்டும் சொல்லுங்கள், அவர்கள் டெஸ்ட் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டு ஓனர் காதுக்கு எப்படியோ போய், வீட்டைக் காலி செய்யச் சொன்னார். சென்டர் அக்கா நேரில் வந்து, எங்கள் ஜன்னலையும் மாத்திரை அட்டையையும் காட்டி, மாத்திரை தொடங்கி ஒன்றரை மாதம் ஆகிவிட்டது, இனிமேல் இவரால் யாருக்கும் வராது என்று பொறுமையாகப் பேசினார். காலி செய்யவில்லை. உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் சண்டை போடாதீர்கள். சுகாதாரப் பணியாளரை அழைத்து வந்து பேசச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கும் செலவுக்கும் என்ன வழி?

சிகிச்சை நடக்கும்வரை நோயாளியின் பேங்க் கணக்கில் நிக்‌ஷய் போஷன் என்ற அரசுச் சத்துணவு உதவித் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். 2018-ல் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆனது. பாஸ்புக், ஆதார் நகலை முதல் வாரமே கொடுத்துவிடுங்கள், தாமதமானால் விடாமல் கேளுங்கள். 1800-11-6666 இலவச உதவி எண்.

முட்டை, வேர்க்கடலை, சுண்டல், பருப்பு. நம் பக்கத்தில் நெத்திலி, காரப்பொடி மாதிரிச் சின்ன மீன் மலிவாகக் கிடைக்கும், அதைவிட நல்ல சத்து தேவையில்லை. ரொம்ப இளைத்திருந்தால், கை கொடுக்காமல் எழுந்து நிற்க முடியவில்லை என்றால், மூச்சு வாங்கினால், வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். தமிழ்நாட்டில் 2022-லிருந்து, டி.பி. என்று தெரிந்ததும் எடை, ஆக்சிஜன், எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே வார்டில் சேர்க்கும் திட்டம் இருக்கிறது. உங்கள் ஆளுக்கு அதைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

6 மாதம் முடிந்துவிட்டது. இனிமேல் யாரும் டெஸ்ட் எடுக்க வேண்டாமா?

முடிந்ததும் சளிப் பரிசோதனை செய்து குணமாகிவிட்டதா என்று பார்ப்பார்கள். அதற்குப் பிறகும் 6 மாதத்துக்கு ஒரு முறை வீதம் 2 வருடம் வரச் சொல்வார்கள். அந்த நாலு முறையும் போக வேண்டும். வீட்டில் உள்ளவர்களும் அதே நாளில் கூடப் போய் எடை பார்த்துவிட்டு வாருங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். கடைசி முறை போனபோது அப்பாவின் எடை நோய்க்கு முன்னால் இருந்ததைவிட 3 கிலோ கூடியிருந்தது. அந்த டம்ளர் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. நெயில் பாலிஷைச் சுரண்டி எடுத்துவிட்டேன், கை வாக்கில் கிடைப்பவர்கள் எடுத்து டீ குடிக்கிறோம்.